காதுக்கு எட்டும் காரணங்கள்

1947 ஏப்ரல் மாத 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் ஓர் ஆம்ப்ளிஃபயரின் சுற்றுப்படம் வெளியானது. எழுதியவர் டி.டி.என். வில்லியம்சன் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர். அப்போது அவருக்கு வயது 24. கட்டுரையின் மீதி மே இதழில் வந்தது. இரண்டு இதழ்களையும் அருகில் வைத்துக்கொண்டு, சால்டரிங் பழகிய எவரும் தம் வீட்டு மேசையிலேயே அந்தக் கருவியைக் கட்டிவிட முடிந்தது. எந்த வால்வு, எந்த ரெசிஸ்டர், டிரான்ஸ்ஃபார்மரில் எத்தனை சுற்று, எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு என்று எதையும் அவர் மறைக்கவில்லை. பிரிட்டனில் தொடங்கிய ஆர்வம் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது. அமெரிக்காவின் ஹீத்கிட் நிறுவனம் அந்த வடிவத்தைத் தழுவி, பாகங்களைப் பெட்டியில் அடுக்கி, வீட்டில் கட்டிக்கொள்ளும் தொகுப்பாக விற்றது.

அந்த ஆம்ப்ளிஃபயர் 15 வாட் தந்தது. ஒலியில் அது கலந்த திரிபு 0.1 சதவீதத்துக்கும் குறைவு. வானொலிப் பெட்டிக்கான வால்வுகளின் திறனை 10 சதவீதத் திரிபு தலைகாட்டும் அளவில் வைத்துச் சொல்வதுதான் அக்கால வழக்கம். அதோடு ஒப்பிட்டால் வில்லியம்சன் எட்டிய தூரம் புரியும். அதற்கான தேவையும் அப்போது இருந்தது. போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களின் ஓசையைப் பிரித்தறியும் பயிற்சிக்காக டெக்கா நிறுவனம் தன் ஒலிப்பதிவு முறையைச் செம்மைப்படுத்தியிருந்தது. போர் முடிந்ததும் அந்த முறையில் பதிவான இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. தட்டில் இருந்த நுட்பம் வீட்டு ஸ்பீக்கரை எட்டாமல் நடுவழியில் தொலைந்துகொண்டிருந்தது.

அதே 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வின் ஆட்சி அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் முடிந்துபோனது. இன்று ஒரு கைப்பேசிச் சில்லுக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் அடங்குகின்றன. ஆனாலும் உலகெங்கும் பலர் இரவில் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறார்கள். ஏக்கம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். என்னை ஈர்ப்பது வேறொன்று. இந்தக் கருவியில், காது கேட்கும் ஒவ்வொரு குணத்துக்கும் கண் பார்க்கக்கூடிய ஒரு காரணம் உண்டு. பாகங்கள் குறைவு, ஒவ்வொன்றின் வேலையும் தனித்துத் தெரியும். ஓர் ஒலி ஏன் அப்படி ஒலிக்கிறது என்ற கேள்விக்கு விடையை விரலால் தொட்டுக் காட்டலாம். 'வால்வு ஒலியின் இனிமை' என்று மந்திரம்போலப் பேசப்படும் விஷயமும் இதற்கு விலக்கல்ல.

சூடான உலோகமும் வெற்றிடமும்

ஓர் உலோகத்தைப் போதிய அளவு சூடாக்கினால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும். வால்வின் அடிப்படை இந்த ஓர் உண்மைதான். மின்விளக்கின் கண்ணாடி உட்புறம் கருத்துப்போவதை ஆராய்ந்த எடிசன், இழையிலிருந்து தனியே வைத்த ஒரு தகட்டுக்கு வெற்றிடத்தின் வழியாக மின்னோட்டம் பாய்வதைக் கண்டார். 1883இல் அதற்குக் காப்புரிமையும் கோரினார். பாய்வது என்ன என்று அன்று யாருக்கும் தெரியாது. எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் அடையாளம் கண்டதே 1897இல்தான். 1904இல் லண்டனில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் இந்த விளைவை வானொலி அலைகளைக் கண்டறியப் பயன்படுத்தினார். இரண்டு மின்வாய்கள் கொண்ட முதல் வால்வு அது. 1906இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் மூன்றாவதாக ஒரு கம்பியைச் சேர்த்தார். வலுவற்ற மின்குறிப்பை வலுப்படுத்தும் வழி அங்கே திறந்தது.

டி ஃபாரஸ்டின் குழாயில் எஞ்சியிருந்த வாயு அதன் நடத்தையைக் கெடுத்தது. ஏ.டி.&டி. குழுமத்தில் ஹெரால்டு ஆர்னால்டும் ஜெனரல் எலக்ட்ரிக்கில் இர்விங் லாங்மியூரும் காற்றை முழுமையாக வெளியேற்றும் முறைகளை உருவாக்கிய பிறகே வால்வு நம்பத்தக்க கருவியாயிற்று. 1915 ஜனவரியில் நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தொலைபேசிப் பேச்சு தொடங்கியபோது, வழியில் தேய்ந்த குரலை மீட்டுத் தந்தவை இந்த வால்வுகள்தாம்.

ஈசிசி83 என்ற சிறிய வால்வை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல் நீளக் கண்ணாடிக் குழாய். அடியில் வட்டமாக ஒன்பது ஊசிகள். உச்சியில், கண்ணாடியின் உட்புறத்தில், கண்ணாடிப் பரப்பை மறைத்துக்கொண்டு ஒரு வெள்ளிப் பளபளப்பு தெரியும். அது பேரியம் உலோகம். தயாரிப்பின் கடைசிக் கட்டத்தில் அதை ஆவியாக்கி அங்கே படியவிடுகிறார்கள். பிற்பாடு உள்ளே கசியும் வாயு மூலக்கூறுகளை அது பிடித்துக்கொள்ளும். பழைய வால்வு வாங்கும்போது முதலில் அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். பளபளப்பு மாறிப் பால்வெள்ளையாகியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. வால்வு செத்துவிட்டது என்று பொருள்.

நடுவே ஒரு மெல்லிய நிக்கல் குழல். அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடுகளின் வெண்பூச்சு. இது கேத்தோடு. குழலுக்குள் ஓடும் சூடேற்றும் இழை 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் எடுத்துக்கொண்டு, கேத்தோடை மங்கிய செந்நிறத்துக்குக் கொண்டுவருகிறது. கேத்தோடைச் சுற்றி, கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் நெருக்கமான கம்பிச் சுற்று கிரிட். அதற்கும் வெளியே சாம்பல் நிறத் தகடு ஆனோடு. ஈசிசி83இல் இந்த ஏற்பாடு ஒரே கண்ணாடிக்குள் இரண்டு முறை இருக்கிறது.

சூடேற நேரம் பிடிக்கும். அந்தக் காலத்து வானொலிப் பெட்டியைத் திருகிவிட்டு இலங்கை வானொலியின் பாட்டுக்காகக் காத்திருந்தவர்கள், கேத்தோடு சூடேறத்தான் காத்திருந்தார்கள். கோயில் திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கருக்குப் பாட்டை அனுப்பிய பழைய மைக்செட் பெட்டிகளிலும் வால்வுகளே எரிந்தன. பெங்களூருவின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வானொலிப் பெட்டிக்கான வால்வுகளைத் தயாரித்தது.

ஒரு வோல்ட்டின் வலிமை

ஆனோடுக்கு 250 வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்தால், கேத்தோடைச் சுற்றி மிதக்கும் எலக்ட்ரான்கள் அதை நோக்கி ஓடும். வழியில் இருக்கும் கிரிட்டுக்குச் சிறிது எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் அந்த ஓட்டம் குறையும். கிரிட் கேத்தோடுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனோடோ தள்ளி நிற்கிறது. அதனால் கேத்தோடின்மேல் கிரிட்டின் பிடி அதிகம். ஈசிசி83இல் கிரிட்டில் 1 வோல்ட் மாறினால் உண்டாகும் விளைவை ஆனோடில் உண்டாக்க 100 வோல்ட் மாற வேண்டும். பெருக்கம் இந்த இடைவெளிகளின் கணிதத்திலிருந்து பிறக்கிறது.

ஆனோடுக்குப் போகும் வழியில் 1,00,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைக்கிறோம். மின்னோட்டம் ஏறி இறங்கும்போது அதன் குறுக்கே மின்னழுத்தமும் ஏறி இறங்கும். வால்வின் உள்மின்தடை சுமார் 62,500 ஓம். அதையும் கணக்கில் சேர்த்தால் பெருக்கம் 100இலிருந்து 61 அளவுக்கு இறங்கும். கிரிட்டில் நுழையும் 0.1 வோல்ட் இசை, ஆனோடில் 6 வோல்ட்டாக வெளிவரும். கிரிட் மின்னோட்டம் எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்றே சொல்லலாம். மின்னழுத்தத்தைக் காட்டினாலே போதும்.

அடுத்து ஸ்பீக்கரை அசைக்கும் வலிமை வேண்டும். அதற்கு ஈஎல்84 போன்ற அவுட்புட் வால்வு. இது ஐந்து மின்வாய்கள் கொண்ட பென்டோடு. 1926இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பெர்னார்டு டெல்லெகன் உருவாக்கிய வகை. 250 வோல்ட்டில் 48 மில்லிஆம்பியர் பாயும்படி அமைத்து, கிரிட்டுக்கு 4.3 வோல்ட் இசையைக் கொடுத்தால் ஏறத்தாழ 5.7 வாட் கிடைக்கும். இந்த 4.3 வோல்ட்டை ஈசிசி83இன் ஒரு பாதியே எளிதாகத் தந்துவிடும். ஆக ஒரு சேனலுக்கு ஒன்றரை வால்வில் வேலை முடிந்தது. வீடுகளில் கட்டப்படும் எளிய ஆம்ப்ளிஃபயர்களுக்கு இந்த ஜோடி அடித்தளமாக இருப்பது இதனால்தான்.

5 வாட் என்றால் குறைவாகத் தோன்றும். 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர் 5 வாட்டில் 97 டெசிபல் தரும். ஒரு சாதாரண அறைக்கு அது உரத்த ஒலி. மாறாக, மின்சாரச் செலவில் வால்வு தாராளம் காட்டும். ஈஎல்84 ஒன்றின் சூடேற்றும் இழைக்கு மட்டும் ஏறத்தாழ 5 வாட், ஆனோடில் 12 வாட். பெரும்பகுதி வெப்பமாகவே அறைக்குள் போகிறது.

இரும்பும் செம்பும்

வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் குணம் ஒத்துப்போகாது. வால்வு தருவது உயர்ந்த மின்னழுத்தமும் சொற்ப மின்னோட்டமும். ஸ்பீக்கர் கேட்பது நேர்மாறு. 8 ஓம் ஸ்பீக்கரில் 5 வாட் செலுத்த 6.3 வோல்ட்டும் 0.8 ஆம்பியரும் தேவை. ஈஎல்84க்கோ எதிரே 5,200 ஓம் இருந்தால்தான் அதன் முழு வலிமையும் வெளிப்படும். இந்த இரண்டையும் சேர்த்து வைப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். 5,200ஐ 8ஆல் வகுத்தால் 650. அதன் வர்க்கமூலம் 25.5. முதன்மைச் சுருளில் 25.5 சுற்றுக்கு இரண்டாம் சுருளில் ஒரு சுற்று. வால்வுப் பக்கத்தில் 161 வோல்ட்டாகவும் 31 மில்லிஆம்பியராகவும் இருப்பது, ஸ்பீக்கர் பக்கத்தில் 6.3 வோல்ட்டாகவும் 0.8 ஆம்பியராகவும் உருமாறும்.

கணக்கு எளிது, செய்வது கடினம். இசையின் கீழ்க்கோடி 20 ஹெர்ட்ஸ், மேல்கோடி 20,000 ஹெர்ட்ஸ். கீழ்ச்சுரங்கள் தேயாமல் வர நிறைய சுற்றுகளும் பெரிய இரும்பு உள்ளகமும் வேண்டும். சுற்றுகள் கூடக் கூட, ஒரு சுருளின் காந்தப்புலம் முழுவதும் மற்றச் சுருளைச் சென்று சேராமல் கசியும். அந்தக் கசிவு மேல்சுரங்களைத் தின்றுவிடும். ஒன்றைக் காப்பாற்றப் போனால் இன்னொன்று கைவிட்டுப் போகும்.

வில்லியம்சனின் உழைப்பு பெரும்பாலும் இங்கேதான் சென்றது. அவருடைய டிரான்ஸ்ஃபார்மரில் முதன்மைச் சுருள் மொத்தம் 4,400 சுற்று. அதை 440 சுற்றுகள் கொண்ட பத்துப் பகுதிகளாகப் பிரித்தார். இரண்டாம் சுருளை 58 சுற்றுகள் கொண்ட எட்டுப் பகுதிகளாகப் பிரித்தார். இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கினார். ஒவ்வொரு பகுதியும் எதிர்ச்சுருளின் பகுதியை ஒட்டியே இருப்பதால் காந்தப்புலம் கசிய இடமில்லை. 4,400ஐ 58ஆல் வகுத்தால் 76. வால்வுப் பக்கத்தின் 10,000 ஓம், இரண்டாம் சுருளின் ஒவ்வொரு பகுதியிலும் 1.7 ஓமாகத் தெரியும். பகுதிகளை விதவிதமாக இணைத்து வெவ்வேறு ஸ்பீக்கருக்குப் பொருத்திக்கொள்ளலாம். கையால் இதைச் சுற்றியவர்களின் பொறுமையை நினைத்தால் மரியாதை வருகிறது. மெல்லிய எனாமல் கம்பி, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே காகிதம், பத்தும் எட்டுமாகப் பதினெட்டுப் பகுதிகள். நடுவில் ஒரு சுற்றின் பூச்சு உரிந்து ஒட்டிக்கொண்டால் மொத்தமும் வீண்.

அவர் கேடி66 என்ற அவுட்புட் வால்வுகளில் இரண்டை எதிரெதிராக இயங்க வைத்தார். ஒன்றில் மின்னோட்டம் ஏறும்போது மற்றதில் இறங்கும். புஷ்-புல் எனப்படும் இந்த அமைப்புக்கு இரட்டைப் பலன். இரண்டு வால்வுகளும் ஓய்வில் எடுக்கும் மின்னோட்டம் இரும்பை எதிரெதிர்த் திசைகளில் காந்தமாக்கி ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். ஒற்றை ஈஎல்84 ஆம்ப்ளிஃபயரில் அந்த வசதி இல்லை. அங்கே 48 மில்லிஆம்பியர் எப்போதும் ஒரே திசையில் இரும்பை இழுத்துக்கொண்டிருக்கும். அதைத் தாங்க உள்ளகத்தில் ஓர் இடைவெளி விட வேண்டும். இடைவெளி விட்டால் கீழ்ச்சுரம் மெலியும். இரண்டாவது பலன், வால்வுகள் உண்டாக்கும் இரட்டைப்படைத் திரிபுகளும் ரத்தாகிவிடும். இதன் பொருளைக் கேட்கும் இடத்தில் பார்ப்போம்.

படகில் உதித்த யோசனை

0.1 சதவீதத் திரிபுக்கு வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் மட்டும் போதாது. மூன்றாவது துணை பின்னூட்டம். பெல் ஆய்வகப் பொறியாளர் ஹெரால்டு பிளாக், தொலைபேசி ஆம்ப்ளிஃபயர்களின் திரிபைப் போக்க ஆண்டுக்கணக்கில் போராடியவர். 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது விடை தோன்றியது. கையிலிருந்த 'நியூயார்க் டைம்ஸ்' தாளிலேயே எழுதிவிட்டார்.

வெளிவரும் ஒலியில் ஒரு சிறு பங்கைத் திருப்பி எடுத்து, உள்ளே வரும் ஒலியிலிருந்து கழிக்க வேண்டும் என்பதே யோசனை. பாடகர் தம் குரலைத் தம்புராவோடு ஒப்பிட்டுக் கேட்டு, விலகல் தெரிந்த கணமே திருத்திக்கொள்வதுபோல, ஆம்ப்ளிஃபயர் தான் தந்ததையும் தரவேண்டியதையும் ஓயாமல் ஒப்பிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இதற்கு விலை உண்டு. 20 டெசிபல் பின்னூட்டம் கொடுத்தால் பெருக்கம் பத்தில் ஒன்றாகக் குறையும். திரிபும் பத்தில் ஒன்றாகும். பெருக்கத்தை முன்கூட்டியே பத்து மடங்கு கூட்டி வைத்துக்கொண்டால் நட்டமில்லை.

வில்லியம்சன் 20 டெசிபல் பின்னூட்டத்தை டிரான்ஸ்ஃபார்மரையும் உள்ளடக்கிச் சுற்றிக் கொடுத்தார். அங்கே ஓர் ஆபத்து காத்திருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் மிக உயர்ந்த அதிர்வெண்களைத் தாமதப்படுத்தும். தாமதம் அரைச்சுழற்சியைத் தொட்டால் கழிக்க வேண்டியது கூட்டலாக மாறிவிடும்; அந்த அதிர்வெண்ணில் இன்னும் போதிய பெருக்கம் எஞ்சியிருந்தால் ஆம்ப்ளிஃபயர் தானாகவே அலறத் தொடங்கும். அதைத் தவிர்க்க, தாமதம் தொடங்கும் இடத்தைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ள வேண்டும். பதினெட்டுப் பகுதிகளாகச் சுருளைப் பிரித்ததன் முழு நியாயம் இப்போது விளங்கும். பின்னாளில் எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரங்களை வடிவமைத்து, 1968இல் ராயல் சொசைட்டி உறுப்பினரான மனிதரின் கை இதில் தெரிகிறது.

மேசைமேல்

கட்டத் தொடங்குமுன் பாதுகாப்பு. இந்தக் கருவியில் 250 முதல் 450 வோல்ட் வரை நேர்மின்சாரம் இருக்கிறது. பிளக்கை உருவிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். தேங்கிய மின்சாரம் தானே வடியும்படி அவற்றின் குறுக்கே நிரந்தரமாக ஒரு ரெசிஸ்டரை இணைத்துவிட வேண்டும். அப்போதும் மீட்டரால் அளந்து, பூஜ்யம் என்று பார்த்த பின்பே கையை உள்ளே விட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையால் மட்டும் அளப்பது நல்ல வழக்கம். இரண்டு கைகளும் கருவியைத் தொட்டால் மின்சாரத்தின் பாதை நெஞ்சின் வழியாகப் போகும். அலுமினியப் பெட்டி எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். அனுபவமில்லாதவர் தனியாக இருக்கும்போது இதைத் தொடவே கூடாது.

முதல்முறை மின்சாரம் கொடுக்கும் நேரத்தை அருகிலிருந்து பார்க்கலாம். ஸ்பீக்கரின் இடத்தில் 8 ஓம் கம்பிச்சுற்று ரெசிஸ்டர். ஈஎல்84இன் கேத்தோடுக்கும் பெட்டிக்கும் இடையே 135 ஓம் ரெசிஸ்டர். அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரின் கவ்விகள். சுவிட்சைப் போட்டதும் மீட்டர் பூஜ்யத்திலேயே நிற்கும். குழலின் மேல்முனையில் செந்நிறம் தலைகாட்டும். சில நொடிகளில் எண் அசையும்: 1 வோல்ட், 3, 5, பிறகு மெல்ல மெல்ல 7.2 அருகே வந்து நிற்கும். 7.2ஐ 135ஆல் வகுத்தால் 53 மில்லிஆம்பியர். ஆனோடு எடுக்கும் 48ம், பென்டோடின் இன்னொரு மின்வாயான திரைக்கிரிட் எடுக்கும் 5.5ம் சேர்ந்த தொகை அது. தகவல் ஏட்டில் அச்சாகியிருக்கும் எண் மேசைமேல் உயிரோடு நிற்கிறது. எண் 10ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிட வேண்டும். முந்தைய வால்வின் உயர் மின்னழுத்தம் இணைப்புக் கெப்பாசிட்டர் வழியாகக் கசிந்து கிரிட்டை எட்டுகிறது என்பது முதல் சந்தேகம்.

பிறகு ஸ்பீக்கர். பாட்டு வருமுன் பெரும்பாலும் வருவது ரீங்காரம். அதன் சுருதியைக் கவனித்தால் நோய் எங்கே என்று தெரியும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சூடேற்றும் கம்பிகளிலிருந்தோ பவர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்திலிருந்தோ வரும் ரீங்காரம் பெரும்பாலும் அதே 50 ஹெர்ட்ஸில், ஆழமாக, மிருதுவாக இருக்கும். மாறுமின்சாரத்தின் இரண்டு பாதிகளையும் நேராக்கி எடுத்த உயர் மின்னழுத்தம் சரியாக வடிகட்டப்படாவிட்டால் 100 ஹெர்ட்ஸில், ஒரு ஸ்தாயி மேலே, கரகரப்போடு வரும். முதலாவதற்கு மருந்து, சூடேற்றும் கம்பிகள் இரண்டையும் இறுக்கமாக முறுக்கிச் செலுத்துவது; அவற்றில் மின்னோட்டம் எதிரெதிர்த் திசைகளில் ஓடுவதால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பி வைப்பதும் உதவும். இரண்டாவதற்கு மருந்து பெரிய வடிகட்டிக் கெப்பாசிட்டர்.

ரீங்காரத்துக்குப் பதிலாகக் காதைக் கிழிக்கும் அலறல் வந்தால் பயப்பட வேண்டாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிகள் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும். பின்னூட்டம் கழிப்பதற்குப் பதில் கூட்டிக்கொண்டிருக்கும். இரண்டு முனைகளை இடம் மாற்றினால் அமைதி திரும்பும். ஈசிசி83ஐப் பென்சிலால் மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணியோசை கேட்டால், உள்ளே கிரிட் அதிர்கிறது என்று அர்த்தம். கிரிட் நகர்ந்தால் இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் பெருக்கம் மாறும் என்று முன்பு பார்த்த இயற்பியல் இப்போது காதிலேயே ஒலிக்கிறது.

இனிமையின் கணக்கு

இனி மந்திரம் என்று சொல்லப்படும் இடத்துக்கு வருவோம். வால்வு ஒலி 'கதகதப்பானது', 'வட்டமானது' என்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களின் காது பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்பதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் திரிபின் வகை. 240 ஹெர்ட்ஸ் ஷட்ஜம் ஒன்று ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைகிறது. ஒற்றை வால்வு அதோடு 480 ஹெர்ட்ஸையும் சிறிது சேர்த்து அனுப்பும். அது மேல்ஸ்தாயி ஷட்ஜம். மூல சுரத்தோடு ஒன்றிப்போகும். மும்மடங்கான 720 ஹெர்ட்ஸ் மேல்ஸ்தாயிப் பஞ்சமம், அதுவும் நட்புதான். ஐந்து மடங்கு அந்தர காந்தாரத்தின் மேல்ஸ்தாயி வடிவம். தம்புராத் தந்தி மீட்டப்படும்போது இவையெல்லாம் இயல்பாகவே கேட்கும். ஏழாம் மடங்கில் உறவு முறிகிறது. அது கைசிகி நிஷாதத்துக்கும் கீழே, சுரஸ்தானம் எதிலும் அமராமல் நிற்கும். ஒற்றை வால்வின் திரிபு பெரும்பாலும் இரண்டாம் மடங்கிலேயே அடங்கிவிடுகிறது. எனவே 1 சதவீதம் இருந்தாலும் பல வேளை காதுக்கு இடறலாகத் தெரியாமல், ஒலி சற்றுப் பருத்ததாகவே படும். புஷ்-புல் ரத்து செய்வது இந்த இரண்டாம் மடங்கை. வில்லியம்சனின் கருவி வால்வுகளால் ஆனதுதான். அதில் கதகதப்பு என்று தனியாகச் சொல்ல எதுவும் இருக்கக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

ஆனால் இசை ஒற்றைச் சுரமல்ல. பல சுரங்கள் ஒன்றாக நுழையும்போது, ஒவ்வொரு ஜோடியின் கூட்டலும் கழித்தலும் புதிய அதிர்வெண்களாக முளைக்கும். அவற்றுக்கும் ராகத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரு குரலும் ஒரு வீணையும் ஒற்றை வால்வில் அழகாக ஒலித்து, பெரிய வாத்தியக் குழு குழம்பிப்போவது இதனால்தான்.

இரண்டாவது காரணம் ஸ்பீக்கரோடு ஆம்ப்ளிஃபயருக்கு உள்ள உறவு. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் அல்ல. கீழ்ச்சுரத்தில் அதன் கூம்பு தன்னியல்பாக அதிரும் இடத்தில் அது 40 ஓம் வரைகூட ஏறலாம். ஆம்ப்ளிஃபயரின் உள்மின்தடை மிகச் சிறிதாக இருந்தால் இந்த ஏற்றம் ஒலியைப் பாதிக்காது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் பொதுவாக அப்படிப்பட்டவை. பின்னூட்டமில்லாத வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் நிலைமை வேறு. 1938இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் வெளியிட்ட புகழ்பெற்ற 300பி, மூன்று மின்வாய்கள் கொண்ட டிரையோடு. அதன் உள்மின்தடை 700 ஓம். 3,500 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஸ்பீக்கர் பார்க்கும்போது அது 1.6 ஓம். கீழ்ச்சுர அதிர்விடத்தில் ஒலி ஏறத்தாழ 1.2 டெசிபல் உயரும். நல்ல காதுக்குக் கதகதப்பாகத் தெரியப் போதுமான உயர்வு. பின்னூட்டமில்லாத ஈஎல்84 பென்டோடிலோ ஸ்பீக்கர் பக்கம் சுமார் 58 ஓம் தெரியும். சுருள்களின் மின்தடையைத் தள்ளிவைத்துக் கணக்கிட்டால் உயர்வு 10 டெசிபலைத் தாண்டும். மிருதங்கத்தின் தொப்பி 'தொம்' என்பதற்குப் பதில் 'தொம்ம்ம்' என்று இழுபடும்.

1985இல் அமெரிக்க வடிவமைப்பாளர் பாப் கார்வர் இந்த வாதத்தைச் சோதனைக்கே கொண்டுவந்தார். 'ஸ்டீரியோஃபைல்' இதழின் ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் எந்த ஆம்ப்ளிஃபயரின் ஒலியையும் தம்முடைய மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் கொண்டுவர முடியும் என்றார். அவர்கள் விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தந்தார்கள். கார்வர் இரண்டுக்கும் ஒரே இசையைக் கொடுத்து, ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதைக் கழித்து, எஞ்சுவது ஏறக்குறைய மௌனமாகும்வரை தம் கருவியைத் திருத்தினார். அதன்பின் ஆசிரியர்களால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வால்வின் பெருமையை இந்தச் சோதனை குறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆசிரியர்கள் முதலில் கேட்ட வித்தியாசம் உண்மையானது, அளக்கக்கூடியது, காரணம் உள்ளது என்று அது நிறுவியது.

நீங்களே செய்து பார்க்க

ஈசிசி83, ஈஎல்84 ஆம்ப்ளிஃபயர் கட்டியவருக்கு ஒரு சோதனை கைவசம் இருக்கிறது. ஸ்பீக்கர் முனையிலிருந்து முதல் வால்வின் கேத்தோடுக்குப் போகும் பின்னூட்ட ரெசிஸ்டரின் வழியில் ஒரு சிறு சுவிட்சை வையுங்கள். மூடினால் பின்னூட்டம் உண்டு, திறந்தால் இல்லை. பின்னூட்டம் நீங்கியதும் ஒலி உரத்துவிடும். உரத்த ஒலி எப்போதும் மேலானதாகவே தோன்றும் என்பதால் இரண்டு நிலைகளிலும் ஒலி அளவைச் சமப்படுத்துவது கட்டாயம். 400 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கரின் இடத்தில் 8 ஓம் ரெசிஸ்டரை மாட்டி, அதன் மின்னழுத்தம் இரண்டிலும் ஒன்றாக வரும்படி வால்யூம் திருகின் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பீக்கரை மாட்டுங்கள். நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் நிலையை மாற்றட்டும். ஒரே பாட்டைக் கேட்டு, ஒவ்வொரு முறையும் எது என்று எழுதுங்கள்.

மிருதங்கமோ தவிலோ உள்ள பதிவில் வித்தியாசம் முதலில் தட்டுப்படும். அடுத்து, தனிக்குரலில் எந்த நிலை உங்களுக்குப் பிடிக்கிறது என்பதையும் பெரிய வாத்தியக் குழுவில் எந்த நிலை பிடிக்கிறது என்பதையும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பின்னூட்ட ரெசிஸ்டரின் மதிப்பை இரட்டிப்பாக்கினால் இரண்டு எல்லைகளுக்கும் நடுவே ஓர் இடம் கிடைக்கும். அதையும் இதே முறையில் சோதியுங்கள். கடையில் வாங்கிய ஆம்ப்ளிஃபயரில் இந்த முடிவை யாரோ ஒருவர் ஏற்கெனவே எடுத்து மூடிவிட்டார். இங்கே உங்கள் காது, உங்கள் ஸ்பீக்கர், உங்கள் அறை மூன்றையும் வைத்து அந்த முடிவை நீங்கள் எடுக்கலாம். ஏன் எடுத்தீர்கள் என்பதையும் எண்ணோடு சொல்லலாம்.